ஆதம்பாவாவைவிட அரை இஞ்சு

கல்முனையில் பிறந்து, ஒரு தடவையாவது கூடைப்பந்தைக் கையால் தொட்ட எவனும் அளவுக் காக்காவின் டேப்புக்குத் தப்பியது கிடையாது. தப்பினேன் என்று யாராவது சொன்னால் ஒன்றில் அவன் வெளியூரான், இல்லாவிட்டால் அவன் தொட்டது பூசணிக்காய். இதில் என்னோடு தர்க்கம் பண்ண வேண்டாம். எனக்கு ஆதாரம் இருக்கிறது.

அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அது அடையாள அட்டைக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அண்ணன் என்றால் காக்கா, அக்கா என்றால் ராத்தா; இவர் எப்போதும் அளக்கிறவர் என்பதால் அளவுக் காக்கா. மார்க்கட்டுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் ஒரு சின்னத் தையல் கடை. முன்னால் மெசின், நடுவில் ஒரு பூப்போட்ட திரை, திரைக்கு அங்கால் அவர் மனைவி ஸீனத் ராத்தா. ஒழுங்கை முடிகிற இடத்தில் கூடைப்பந்துக் கோர்ட். அங்கே விளையாடிய எல்லாருக்கும் ஜேர்ஸி தைத்தது அவர்தான். நான் கந்தோர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் போவேன். இருபது வருசப் பழக்கம்.

வெறுமனே தைத்துக் கொடுத்திருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கென்ன விசரா? மனிசன் தடித்த மட்டை போட்ட ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். விளையாடுகிறவன் ஒவ்வொருவனுடைய நெஞ்சு, தோள், கை எல்லாம் அதில் இருக்கும். கூடைப்பந்து ஜேர்ஸிக்குக் கையே கிடையாது. அப்படியிருந்தும் தோளில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் கணக்காக அளப்பார். நானும் பதினேழு வயதில் போய் நின்றபோது கேட்டேன்.

"காக்கா, கையில்லாத ஷேர்ட்டுக்கு ஏன் கை அளக்கிறீங்க?"

"ஷேர்ட்டுக்கில்ல மனே, சரித்திரத்துக்கு."

அளந்து முடித்து, கொப்பியைப் புரட்டி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "கோர்ட்டுல விளையாடுற கோமாரி யோகன்ட கை இருபத்தஞ்சு. உன்ட கை இருபத்திரண்டு. உனக்குக் கரம் போர்ட்தான் சரி மனே. இருந்துகொண்டு விளையாடலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. மறுகா என்ன நடந்தது? எங்கள் கந்தோரில் இன்றைக்கும் கரம் போர்ட்டில் என்னை அடிக்க ஆளில்லை. அதுதான் எரிச்சல். மனிசன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரேயொரு பெயர் இருந்தது: ஆதம்பாவா. கை இருபத்தைந்தரை. ஆதம்பாவா பந்தோடு மேலே எழும்பினால் கீழே இறங்குவதற்குள் நாங்கள் ஒரு பிளேன்டீ குடித்துக் கிளாசையும் கழுவி வைக்கலாம் என்பார்கள். அவருக்குப் பிறகு வந்த எல்லாரையும் காக்கா அந்தச் சிவப்பு மைக்குப் பக்கத்தில் நிறுத்தித்தான் பார்ப்பார். முப்பது வருசமாக ஒரே தீர்ப்பு: "நல்ல பொடியன்தான். ஆனா ஆதம்பாவா இல்ல." ஒருவன் மூன்று நாள் மாமரக் கிளையில் தொங்கிவிட்டு அளக்க வந்தான். அவனுக்கும் அதே தீர்ப்பு, மேலதிகமாகத் தோள் சுளுக்கு. ரி.வி.யில் அமெரிக்கக்காரன் பறந்து பறந்து போடுவதைக் காட்டினாலும் காக்கா அசைய மாட்டார்.

"ஆளக் கடைக்குக் கூட்டி வாங்க. அளந்து பாத்துச் சொல்றன்."

இப்படி உறுதியாக இருந்த மனிசனை ஆட்டி வைக்க ஒரு பதினேழு வயதுப் பெண்பிள்ளை வந்து சேர்ந்தாள்.

ஹஸ்னா பக்கத்து ஊரான சாய்ந்தமருதுக்காரி. வாப்பா ஜெமீலுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடி போட் இருந்தது. பெண்பிள்ளைகளின் குழு தொடங்கிய புதிதில் அவர்களுக்கு முழுக்கை ஜேர்ஸி தைக்க வேண்டி வந்தது. காக்கா பெண்களுக்கு அளவு எடுக்க மாட்டார். அந்த வேலை ஸீனத் ராத்தாவுடையது. ராத்தா திரைக்குப் பின்னால் அளந்து சத்தமாகச் சொல்வார், காக்கா முன்னால் இருந்து கொப்பியில் எழுதுவார். அன்றைக்கு நானும் வாங்கில் இருந்தேன்.

"தோள்?" என்றார் காக்கா.

"பதினாறு," என்றது திரை.

"கை?"

"இருபத்தாறு."

பென்சில் நின்றுவிட்டது. "திருப்பி அளங்க."

"இருபத்தாறு."

"கை நேரா நிக்குதா? மடங்கிக் கிடக்கா?"

"இருபத்தாறு எண்டா இருபத்தாறுதான்! இப்ப என்ன, புள்ளட கைய வெட்டவா?"

காக்கா எழும்பி ஒழுங்கைக்கு இறங்கினார். கழுத்தில் டேப், காதில் பென்சில். போகிறவன் வருகிறவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "ஆதம்பாவாவைவிட அரை இஞ்சு கூட!"

பெருநாள் பிறை கண்ட அறிவித்தல் கூட எங்கள் ஊரில் இவ்வளவு வேகமாகப் பரவியதில்லை. ஒரு பெண்பிள்ளையைப் போய் ஆதம்பாவாவோடு ஒப்பிடுவதா என்று தேத்தண்ணிக் கடையில் இரண்டு கட்சி பிரிந்தது. காக்கா இரண்டு கட்சிக்கும் ஒரே பதில் சொன்னார்: "டேப்புக்கு ஆம்புள பொம்புள தெரியாது. நம்பர்தான் தெரியும்."

மூன்றாம் நாள் ஆதம்பாவாவே வந்தார். இப்போது அவருக்கு ஹாட்வெயார் கடை. முதலில் வயிறு வந்தது, கொஞ்சம் கழித்து அவர் வந்தார்.

"திரும்ப அள," என்றார் கையை நீட்டி.

காக்கா அளந்தார். "அதே இருபத்தஞ்சரை."

"வயசு போகப் போகக் கை கொஞ்சம் நீளுமாம் மச்சான். நல்லாப் பார்."

"வயசு போனா நீளுறது அதில்ல," என்று காக்கா அவருடைய வயிற்றைப் பார்த்தார். ஆதம்பாவா பிளேன்டீயும் குடிக்காமல் போய்விட்டார்.

இதுவரைக்கும் எல்லாம் சிரிப்புத்தான். பிறகுதான் கொழும்பில் இருந்து கடிதம் வந்தது. தேசிய இளையோர் அணிக்கு ஆள் எடுக்கப் பத்து நாள் பயிற்சி முகாம், ஹஸ்னா வர வேண்டும் என்று. பிள்ளை சந்தோசத்தில் சோறு தின்னவில்லை. ஜெமீல் மட்டும் ஓமென்று சொல்லவில்லை. அவர் கெட்ட மனிசன் இல்லை. பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கிற ஆளும் இல்லை. அவருடைய பயம் வேறு. சின்ன வயதில் அவருக்கு ஆதம்பாவா என்றால் உயிர். அதே ஆதம்பாவாவைக் கொழும்பில் இரண்டே நாளில் திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸால் இறங்கிய ஆள் பந்தைக் கோர்ட்டில் வைத்துவிட்டுப் போனதுதான், பிறகு தொடவேயில்லை. அதை ஜெமீல் கண்ணால் கண்டவர்.

"ஆதம்பாவாவையே வேணாமெண்டவங்க," என்று காக்காவிடம் வந்து சொன்னார். "அவனவிடக் குறைஞ்ச ஆள ஏன் அங்க அனுப்பி அழ வைக்கணும்? நீங்க சொல்லுங்க காக்கா. என்ட புள்ள அவனவிடக் கூடவா? உங்கட கொப்பி ஓமெண்டா நான் அனுப்புறன்."

காக்கா கொப்பியைத் திறந்து, இருபத்தாறைக் காட்டினார். "கூட. அரை இஞ்சு."

ஜெமீல் கொப்பியை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப போகட்டும்."

முகாமுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அஸர் தொழுகைக்குப் பிறகு, நான் கடையில் சும்மா இருந்த நேரத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். சும்மா இருக்கிறவன் சும்மா இருக்க வேண்டும். மேசையில் காக்காவின் டேப்பும் ராத்தாவின் டேப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டையும் நுனியோடு நுனி வைத்து நீட்டிப் பார்த்தேன். பார்த்ததும் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"காக்கா... ராத்தாட டேப் ஒண்டுல இருந்து தொடங்குது."

காக்கா மெசினை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். முதல் இஞ்சு முழுதாக இல்லை. பத்து என்று காட்டுகிற இடத்தில் உண்மையில் ஒன்பதுதான்.

"ஸீனத்! உங்கட டேப்புக்கு என்ன நடந்த?"

"அந்த இரும்பு நுனி கழண்டு போய்ப் பத்து வருசம்," என்றது திரை. "பிசிறு பிசிறா வந்தது, வெட்டிப் போட்டன். புதுசு ஒண்டு வாங்கித் தாங்கண்டு எத்தின தரம் சொன்ன?"

"அப்ப எப்பிடி அளக்கிறீங்க?"

"டேப் எங்க தொடங்குதோ அங்க வச்சித்தான் அளக்கிற. வேறெங்க வைக்கிற?"

பத்து வருசமாகக் கல்முனைப் பெண்கள் எல்லாரும் ஏன் சட்டைக் கை விரல் வரைக்கும் வருகிறது என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் மனைவியும் அதில் ஒருத்தி. கேட்ட ஒவ்வொருவருக்கும் காக்கா, "கழுவக் கழுவச் சுருங்கும் மகள்" என்றே சமாளித்து அனுப்பியிருக்கிறார்.

நான் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். மனிசன் கணக்குப் பார்த்து முடித்துவிட்டார். ஹஸ்னாவின் கை இருபத்தைந்து. ஆதம்பாவாவைவிட அரை இஞ்சு குறைவு.

"விடுங்க காக்கா," என்றேன். "ஆருக்குத் தெரியும்? புள்ள போய் வரட்டும்."

"எனக்குத் தெரியுமே."

"அரை இஞ்சுதானே!"

"அந்த அரை இஞ்சுக்காகத்தானே அவன் ஓமெண்ட? நான் பொய்யளவக் குடுத்து ஒரு மனிசன்ட புள்ளய எடுக்கிறதா?" என்றார். செருப்பை மாற்றிப் போட்டதுகூடத் தெரியாமல் இறங்கிப் போனார். நான் பின்னால் ஓடினேன். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நேர்மையாக இருக்கிறவர்களோடு பழகுவது லேசான காரியமில்லை.

ஜெமீல் தன் வீட்டு வாசலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். ஏசவில்லை. "நேர்மையா வந்து சொன்னீங்க, நல்லம் காக்கா," என்றார். "அப்ப அவள் போகத் தேவல்ல." உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு நிழல் நின்றது, பிறகு இல்லை.

இரண்டு நாள் கடையில் மெசின் சத்தம் கேட்கவில்லை. ராத்தா புது டேப் வாங்கிவிட்டார், அதைப் பார்க்கவும் காக்காவுக்கு விருப்பமில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் ஹஸ்னா வந்தாள். கையில் அவளுடைய ஜேர்ஸி.

"மாமா, இது கிழிஞ்சி போச்சு. தச்சித் தாறீங்களா?"

"மகள், என்னால உனக்கு..." என்று காக்கா எழும்பினார்.

"டேப் விசயமா? எனக்கு முதல் நாளே தெரியும் மாமா. கை விரலுக்கு மேலால வந்தது. மடிச்சிப் போட்டன். சொன்னா நீங்க கவலப்படுவீங்கண்டு சொல்லல்ல." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "போகக் கிடைக்காட்டியும் இஞ்ச விளையாடணும்தானே."

அவள் போன பிறகு காக்கா ஜேர்ஸியை மடியில் விரித்தார். பிறகு கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்தார். அங்கேயும் எழுத்து இருந்ததை நான் இருபது வருசத்தில் அன்றைக்குத்தான் கண்டேன். தைத்துக் கொடுத்த கிழிசல்கள் எல்லாம் அங்கே இருந்தன. யாருடையது, எந்த இடம் என்று ஒவ்வொன்றாக.

"இஞ்ச பார். விளையாடுற ஆக்களுக்கு உடுப்புக் கிழியிற ஒரு இடம்தான். கைக்குக் கீழ, கமக்கட்டுத் தையல். எந்தக் கை பலமா எழும்புதோ அந்தப் பக்கம் விடும். யோகன், வலம். இவன், வலம். இவன் இடக்கையன், இடம். ஆதம்பாவா, வலம், வலம், வலம், வலம்... பதினாலு தரம் தச்சிரிக்கன், எல்லாம் வலம். இப்ப இதப் பார்."

ஹஸ்னாவின் ஜேர்ஸி இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. ஒரே அளவுக்கு.

"உங்கட தையல் சரியில்லாமலும் இரிக்கலாமே காக்கா," என்றேன்.

அவர் பார்த்த பார்வையில் நான் பிளேன்டீ கிளாசுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம்தான். காக்கா ஜேர்ஸியைத் தோளில் போட்டார், கொப்பியைக் கக்கத்தில் வைத்தார், நேரே ஹாட்வெயார் கடைக்குப் போனார். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஆதம்பாவாவைக் கையில் பிடித்து இழுத்து ஓட்டோவில் ஏற்றினார். "என்ன மச்சான், எங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். வயிற்றுக்கு இடம் கொடுத்து நான் ஓட்டோ விளிம்பில் தொங்கினேன்.

ஜெமீல் கடற்கரையில் போட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். காக்கா ஜேர்ஸியை அவர் முன்னால் விரித்தார்.

"நான் பிழையா அளந்தன் ஜெமீல். டேப் மட்டும் பிழையில்ல, அளந்த இடமும் பிழை. இத்தின வருசமா கையின்ட நீளத்தப் பாத்தன். ரெண்டு கையும் வேல செய்யுதா எண்டு பாக்கல்ல." திரும்பினார். "ஆதம்பாவா, நீ சொல்லு. கொழும்புல உன்ன ஏன் திருப்பி அனுப்பினாங்க?"

ஆதம்பாவா கடலைப் பார்த்தார். ஜெமீலைப் பார்த்தார். அந்த மனிசன் தன்னைச் சின்னப் பிள்ளையில் இருந்து எப்படிப் பார்க்கிறார் என்பது அவருக்கும் தெரியும்தானே. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"எனக்கு இடப்பக்கம் வராது ஜெமீல்," என்றார் கடைசியில். "ஊருல ஆருக்கும் தெரியல்ல. கொழும்புல முதல் நாளே கண்டுபிடிச்சிட்டாங்க. ரெண்டாம் நாள் முழுக்க வலப்பக்கத்த மறிச்சாங்க. ஒரு போல் கூடைக்குள்ள போடல்ல நான். வெட்கம். ஆரிட்டயும் சொல்லல்ல." ஜேர்ஸியைக் கையில் எடுத்து இரண்டு கிழிசலுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். "உன்ட மகள் விளையாடுறத மதிலுக்கு அங்கால நிண்டு நாலஞ்சு தரம் பாத்திரிக்கன். அவள மறிக்க ஏலாது. ஒரு பக்கத்த மறிச்சா மத்தப் பக்கத்தால போயிடுவாள். என்னோட அவள ஒப்பிடாத. என்ன அவளோட ஒப்பிடு."

ஜெமீல் முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவினார். கழுவ வேண்டிய முகமாக எனக்குத் தெரியவில்லை. பிறகு காக்காவைப் பார்த்துக் கேட்டார்: "எப்ப பஸ்?"

ஹஸ்னா போன அன்று காக்கா அந்த ஜேர்ஸியை மூன்று ஓட்டத் தையல் போட்டுக் கொடுத்தார், கையையும் ஒரு இஞ்சு வெட்டி. கூடவே ஊசியும் நூலும். "அங்கத்த டெய்லர்மாருட்டக் குடுத்துராத. அவங்களுக்கு இது என்ன உடுப்புண்டு தெரியாது," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்தாம் நாள் பின்னேரம் ராத்தாவின் போன் அடித்தது. ராத்தா ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். காக்கா எடுத்த எடுப்பில் ஒன்றைத்தான் கேட்டார்.

"மகள், கிழிஞ்சதா?"

"ரெண்டு பக்கமும் மாமா! நீங்க மூணு ஓட்டம் போட்டும் நிக்கல்ல." அந்தப் பக்கம் ஒரே சத்தம், பிள்ளைகள் கத்துகிறார்கள். "மாமா, என்ன எடுத்திட்டாங்க!"

ராத்தா அழத் தொடங்கினார். காக்கா, "சரி சரி, கொண்டு வா, தச்சித் தாறன்," என்று சொல்லிவிட்டு மெசினில் போய் இருந்தார். முகத்தைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்தார். மெசினில் நூலும் இல்லை, துணியும் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. பக்கத்தில் போய் இருந்து, அவர் மிதித்து முடிக்கும் வரைக்கும் ஒழுங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.